கைக்குத் தெரியாத காய்ச்சல்

எங்கள் மாடிக்காரிக்குச் சூடு தெரியாது. பதினாறு வருஷமாக ஒரு பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். கொதிக்கிற பால் பாத்திரத்தைப் பிடிதுணி இல்லாமல் வெறும் கையால் இறக்கி வைத்துவிட்டு, நான் போடும் அலறலைப் பார்த்து, "என்னக்கா ஆச்சு?" என்று என்னையே கேட்பாள்.

நான் கீழ் வீட்டுக்காரி. தையல்காரி. முன்னறையில் மெஷின், வெட்டு மேசை, பொத்தான் டப்பா; பின்னறையில் அடுப்பு, கட்டில், நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம் சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களோடு முப்பது வருஷம் காலம் தள்ளிப் பாருங்கள், உங்களுக்கும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாடிக்காரிக்கு ஒரே பெண். ஏழு வயது. என் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து நிறம் நிறமாகப் பிரிப்பதுதான் அதற்கு உலகத்திலேயே பெரிய விளையாட்டு என்பதால் நான் வைத்த பெயர் பொத்தான். அப்பாக்காரன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறான். மாசத்துக்கு இரண்டு தடவை வந்து, குளித்து, தூங்கி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவான். நல்ல மனுஷன்தான். ஆனால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சாக்லேட்.

மாடிக்காரியின் கைக்குச் சூடு தெரியாதே தவிர, அவள் கண் இருக்கிறதே, அது வேறு ரகம். சலவை நிலையத்தில் காலையில் மூட்டை பிரிக்கிற வேலையும் அவளுக்குத்தான். அழுக்குத் துணியை ஒவ்வொன்றாக உதறி, பாக்கெட்டில் ஏதாவது இருக்கிறதா, கறை எங்கே, கிழிசல் எங்கே என்று பார்த்து அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். அத்தனை வருஷம் கசங்கல்களையே பார்த்துப் பார்த்து, கசங்கலை வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒரு தடவை என்னிடம் கை நீளம் குறைக்க வந்த சட்டையைத் தூக்கிப் பார்த்து, "இவரு உக்காந்து வேலை பாக்குறவரு அக்கா. நேரா உக்கார மாட்டாரு, இடது முழங்கையை ஊனிட்டே இருப்பாரு. கொஞ்ச நாளா வண்டியில முன்னாடி ஒரு குழந்தைய வச்சுக் கூட்டிட்டுப் போறாரு, வயித்துப் பக்கம் பாருங்க" என்றாள். சாயங்காலம் அந்த ஆள் வந்தபோது வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். மனுஷன் வெலவெலத்துப் போய், "என் பின்னாடி ஆள் வச்சுப் பாக்குறீங்களா?" என்றார். பேரனைப் பள்ளியில் சேர்த்து, தினமும் வண்டியில் கொண்டுபோய் விடுகிறாராம். அதற்கப்புறம் அவர் வேறு தையல்காரரிடம் போய்விட்டார்.

இப்படிப்பட்டவள் தன் பெண் விஷயத்தில் போன வருஷம் ஏமாந்தாள்.

ஒரு நாள் காலையில் பொத்தான், "அம்மா, தலை வலிக்குது" என்றிருக்கிறாள். இவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அதற்கு முந்தின வாரம்தான் பிள்ளை வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் தாண்டியதும் குதித்து எழுந்து விளையாடியிருந்தாள். "நடிக்காத, கிளம்பு" என்று சொல்லிப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். காலைக் கூட்டத்தில் நிற்கும்போதே பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டதாம். பள்ளியிலிருந்து மூன்று தடவை போன் அடித்திருக்கிறார்கள். வேலை நேரத்தில் போனையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவது அங்கே வழக்கம். சாப்பாட்டு மணிக்குத்தான் பார்த்தாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடினால், பள்ளி ஆபீஸ் பெஞ்சில் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பிள்ளை சுருண்டு கிடந்தது. அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை.

"அம்மா, நான் நடிக்கல" என்று மட்டும் சொல்லியிருக்கிறது.

இதை என்னிடம் சொன்னபோது மாடிக்காரி தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி. "பெத்த பிள்ளைக்குச் சுடுதா இல்லையான்னு தெரியாத கை எதுக்குக்கா?" என்றாள். "கைய மடக்கிட்டுப் போய்ச் சாப்பிடுடி" என்று திட்டி அனுப்பினேன்.

அதற்கப்புறம் அவள் மறு கோடிக்குப் போய்விட்டாள். பிள்ளை தும்மினால் லீவு. இருமினால் லீவு. சாப்பாட்டை ஒரு வாய் மிச்சம் வைத்தால் லீவு. தெர்மாமீட்டர் இல்லையா என்று கேட்பீர்கள். வாங்கினாள். எண் காட்டுகிற புது மாதிரி. மூன்று நாள் ஒழுங்காக வேலை செய்தது. நான்காம் நாள் பொத்தான் அதை வாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டு, தண்ணீருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று சோதித்தாள். அன்றிலிருந்து யார் வாயில் வைத்தாலும் அது ஒரே எண்ணைத்தான் காட்டியது. அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் அந்த வீட்டில் உயிரோடு யாருமே இல்லை.

கடைசியில் என் கைதான் தெர்மாமீட்டர் ஆனது. சந்தேகமான காலைகளில் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவருவாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு, உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் நெற்றியில் ஒரு தடவை, கழுத்தில் ஒரு தடவை வைத்துத் தீர்ப்புச் சொல்வேன். "போகலாம்." அல்லது "படுக்கலாம்." மேல் முறையீடு கிடையாது. ஏழெட்டு மாசம் இப்படி ஓடியது. ஒரு தடவைகூட என் கை தப்பவில்லை என்று நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்குள் அவள் லீவு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. சலவை நிலையத்து மேற்பார்வையாளருக்கு அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கஞ்சி. சட்டை மட்டுமில்லை, ஆளே கஞ்சி போட்டு விறைத்த மாதிரி இருப்பாராம். சிரித்தால் எங்கே மடிப்புக் கலைந்துவிடுமோ என்று பயப்படுகிற முகம். இஸ்திரி மேசையில் தொடங்கி முப்பது வருஷத்தில் அந்த நாற்காலிக்கு ஏறியவர். அவர் ஒரு திங்கள்கிழமை இவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இனி ஒரு நாள், ஒரே ஒரு நாள், திடீர் லீவு எடுத்தால் காலை வேலை கிடையாது, சாயங்கால வேலைக்கு மாற்றிவிடுவேன்.

காலை வேலை என்றால் மூன்று மணிக்கு முடியும். மூன்றரைக்குப் பள்ளி வாசலில் நிற்கலாம். பிள்ளையோடு சேர்ந்து நடந்து வந்து, பால் கொடுத்து, பாடம் சொல்லிக்கொடுத்து, தலை பின்னி, ஒன்றாகப் படுக்கலாம். சாயங்கால வேலை என்றால் பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்கு முன்னாலேயே கிளம்ப வேண்டும். திரும்பும்போது பிள்ளை தூங்கிப்போயிருக்கும். காலையில் அவசர அவசரமாக ஒரு மணி நேரம் பார்ப்பதோடு சரி. அதைத்தான் அன்றைக்கு என் வெட்டு மேசை ஓரமாக உட்கார்ந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவ முகத்தைப் பாக்காம ஒரு சாயங்காலம்கூட என்னால முடியாதுக்கா" என்றாள்.

தரையில் உட்கார்ந்து பொத்தான் பிரித்துக்கொண்டிருந்த பிள்ளையை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தால் காதும் மூடியிருக்கும் என்று பெரியவர்கள் ஏன்தான் நினைக்கிறோமோ.

வியாழக்கிழமை காலை. நான் ஒரு அவசர வேலையாக உட்கார்ந்திருந்தேன். கல்யாண வீட்டுக்காரி ஒருத்தி பத்து மணிக்கு வந்து நிற்பாள், ஓரம் மடித்துக் கொடுக்க வேண்டும். பொத்தான் தனியாகப் படி இறங்கி வந்தாள். சீருடை போட்டு, ஷூ மாட்டி, எல்லாம் தயார்.

"பெரியம்மா, கண்ணு சிவப்பா இருக்காம். உங்ககிட்ட கைய வச்சுப் பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"இருடி, இந்த ஓரத்தை முடிச்சிடறேன்."

"மெதுவா முடிங்க பெரியம்மா, ஒண்ணும் அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெற்றியை மெஷினின் இரும்புத் தட்டில் சாய்த்துக்கொண்டாள். "ஜில்லுனு இருக்கு பெரியம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இடது கன்னம். அப்புறம் வலது கன்னம். அப்புறம் மறுபடி நெற்றி. நான் சிரித்துக்கொண்டே, "தலையை எடு, ஊசியில முடி மாட்டிக்கும்" என்றேன். எடுத்து, இரண்டு விரல்கடை தள்ளிச் சாய்த்துக்கொண்டாள். எப்போதும் நிமிஷத்துக்கு ஒரு தடவை "முடிஞ்சுதா?" என்று கேட்கிற பிள்ளை அன்றைக்கு மெதுவாக முடிக்கச் சொல்கிறதே என்று எனக்கு உறைக்கவில்லை. எனக்கு ஓரம் கவலை.

மேலேயிருந்து, "அக்கா, எப்படி இருக்கு?" என்று குரல் வந்தது. நான் கையைத் துடைத்து நெற்றியில் வைத்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளுகுளுவென்று இருந்தது. கழுத்தில் வைக்கப் போனேன். "கூசுது பெரியம்மா" என்று தோளைச் சுருக்கிக்கொண்டாள். சரி, நெற்றியே சொல்லிவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல. அனுப்பு!" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மாடிக்காரி புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கி வந்தாள். முகத்தில் திங்கள்கிழமையிலிருந்து இல்லாத தெளிவு. தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று திரும்ப மேலே போனாள்.

போனவள் வரவில்லை. ஒரு பாட்டில் எடுக்க எவ்வளவு நேரம்? மணி ஏழரை தாண்டிவிட்டது. "என்னடி, பாட்டில் செய்யறியா?" என்று கத்தினேன். பிறகு மெதுவாகப் படி இறங்குகிற சத்தம். கையில் பாட்டில் இல்லை. பிள்ளையின் படுக்கை விரிப்பு இருந்தது.

என் வெட்டு மேசையில் இருந்த துணியை ஒதுக்கிவிட்டு அதை வைத்தாள். நாலாக மடித்திருந்தது. ஓரத்தோடு ஓரம் சேராமல், ஒரு முனை நீட்டிக்கொண்டு, ஏழு வயசுக் கை மடித்த மடிப்பு.

"இத நீ மடிச்சியா?" என்று மகளைக் கேட்டாள்.

"ஆமாம்மா. உனக்கு வேலை குறையட்டும்னு."

"என்னைக்காவது மடிச்சிருக்கியா?"

பிள்ளை அந்த நீட்டிக்கொண்டிருந்த முனையை உள்ளே செருகப் பார்த்தது.

மாடிக்காரி விரிப்பை முழுசாகப் பிரித்து மேசையில் விரித்தாள். சலவை நிலையத்தில் மூட்டை பிரிக்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு கசங்கின துணி, அவ்வளவுதான். அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"நல்லாத் தூங்கற பிள்ளை ஒரு பக்கமா குழி பண்ணிட்டுப் படுத்திருக்கும் அக்கா. இங்க குழியே இல்ல. ராத்திரி பூரா உருண்டிருக்கா. இங்க பாருங்க, காலால உதைச்சுத் தள்ளியிருக்கா. இங்க மறுபடி குளிருன்னு இழுத்துச் சுருட்டியிருக்கா. இது ரெண்டும் கையால இறுக்கிப் பிடிச்ச இடம்." மேலும் கீழுமாக, சின்னப் பிடியளவு, நட்சத்திரம் மாதிரி இரண்டு கசங்கல்கள். அப்புறம் ஒரு மூலையைத் தூக்கினாள். அது மட்டும் ஈரம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பல் பதிந்திருந்தது.

"இத எதுக்குக் கடிச்ச?"

பிள்ளை ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முனகுனா நீ முழிச்சுக்குவ."

எனக்கு அப்போதுதான் மெஷின் தட்டு ஞாபகம் வந்தது. குனிந்து பிள்ளையின் காலருக்குள் கையை விட்டேன். அடுப்பில் வைத்த மாதிரி கொதித்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இரும்பை நம்பித் தீர்ப்புச் சொன்ன கை!

"ஏண்டி பெரியம்மாவையே ஏமாத்துனியா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பிள்ளையே உடைந்துவிட்டது.

"நான் போறேம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் கிளாஸ்ல பேசாம உக்காந்துக்குறேன். உக்கார முடியலைன்னா டீச்சர்கிட்ட சொல்லிக் கடைசி பெஞ்சுல படுத்துக்குறேன். உனக்குப் போன் பண்ண வேணாம்னு சொல்லிடுறேன். நீ லீவு போட்டா உன்னைச் சாயங்காலத்துக்கு மாத்திடுவாங்கம்மா. அப்புறம் நீ என் மூஞ்சியைப் பாக்கவே முடியாது."

மாடிக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். அவ்வளவு நேரம் அவள் அழவில்லை. முடிச்சு அவிழ மறுத்தபோதுதான் அழுதாள்.

"இத்தனை நாள் கைய வச்சுப் பாத்துட்டு இருந்தேனே அக்கா" என்றாள். "தினம் காலையில இவ விரிப்ப நான்தான் உதறி மடிக்கிறேன். ஊர்ல இருக்கிறவங்க சட்டையையெல்லாம் அக்கறையா பாக்குறேன். இத ஒரு நாளும் பாக்கல. அவசரத்துல கண்ண மூடிட்டே மடிச்சிருக்கேன்."

"சரி சரி, இன்னிக்குப் பாத்தியே" என்றேன். மற்ற ஷூவை நான் கழற்றினேன்.

அங்கேயே உட்கார்ந்தபடி மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். பொய் சொல்லலாம், பஸ் வரவில்லை, பாட்டி செத்துப்போனாள், எத்தனை இருக்கிறது. "சார், பிள்ளைக்குக் காய்ச்சல். வர முடியாது" என்று மட்டும் சொன்னாள். அவர், திங்கள்கிழமையிலிருந்து சாயங்கால வேலை, மூன்று மாசத்துக்கு, என்றார். "சரி சார்" என்றாள்.

நான் போனைப் பிடுங்கினேன். "யோவ், உனக்குப் பிள்ளை குட்டி இருக்கா இல்லையா? உன் சட்டையில மட்டும்தான் கஞ்சியா, நெஞ்சுலயுமா?" என்று ஆரம்பித்து, நல்ல ஓட்டமாக ஒரு நிமிஷம் பேசினேன். பேசி முடித்த பிறகுதான் அவர் எப்போதோ வைத்துவிட்டார் என்று தெரிந்தது.

டாக்டரிடம் நூற்றிரண்டு காட்டியது. மூன்று நாள் படுக்கை. அந்த மூன்று நாளும் மாடிக்காரி பக்கத்திலேயே இருந்தாள். எப்படியும் வேலை மாறிவிட்டது, இனி பயந்து என்ன.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. திங்கள்கிழமை பிள்ளை பள்ளிக்குப் போனாள், அம்மா மதியம் வேலைக்குப் போனாள். மூன்றரைக்குப் பள்ளி வாசலில் நான் நின்றேன். என்னைப் பார்த்ததும் பொத்தான் சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பேசாமல் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். நான் அம்மா இல்லைதான், அதற்காக இப்படியா முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்கே கொஞ்சம் வருத்தம். வீட்டுக்கு வந்து பால் கொடுத்தேன். ஆடை இருக்கிறது என்றாள். பாடம் சொல்லிக்கொடுத்தேன், அம்மா இப்படிச் சொல்லமாட்டாள் என்றாள். எட்டு மணிக்கு வெட்டு மேசை பக்கத்தில் படுக்கை போட்டேன். மேலே போய் ஒரு சாமான் எடுத்து வருகிறேன் என்று போனவள், அம்மாவின் நீல வேலைக் கோட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கோட்டு இரண்டு உண்டு. ஒன்றைப் போட்டுக்கொண்டு போவாள், இன்னொன்று மறுநாளைக்காக இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கும். சலவை நிலையத்தில் கோட்டில் ஒரு சுருக்கம் இருந்தாலும் கஞ்சி வாசலிலேயே நிறுத்திவிடுவாராம். நாமே கசங்கி நின்றால் நம்மை நம்பி எவன் துணி கொடுப்பான் என்பாராம். அப்படிப்பட்ட கோட்டை அணைத்துக்கொண்டு, மூக்கைப் புதைத்துக்கொண்டு, பிள்ளை இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனாள். நான் பார்த்தேன். என்ன சொல்வது? ராத்திரி வேலை முடிந்து வந்த அம்மா, தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று விளக்கைப் போடாமலே மேலே போய்ப் படுத்துவிட்டாள். காலையில் அவளே அதை ஆணியில் மாட்டி, கையால் தடவித் தடவி நீவிவிட்டாள். தடவினால் கசங்கல் போய்விடும் என்று நினைப்பு. செவ்வாய், புதன், வியாழன், எல்லா நாளும் இதே கதை. காலை அவசரத்தில் மாடிக்காரிக்கு ஆணிப் பக்கம் பார்க்க நேரமில்லை. மதியம் கிளம்பும்போது, இதென்ன சரியாகத் தேய்க்கவில்லையா என்று நினைத்து, திரும்ப ஒரு இழுப்பு இழுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். மேசையில் விரித்தாள். அப்போதுதான் சரியாகப் பார்த்தாளாம்.

"அக்கா, இத யாரு பிடிச்சிருக்கா?"

எனக்கு எதுவும் தெரியாது என்று மெஷினை வேகமாக மிதித்தேன்.

கோட்டின் நெஞ்சுப் பக்கம் ஒரு கன்னத்தளவு குழி. காலருக்குக் கீழே ஐந்து விரலும், ஓரத்தில் ஐந்து விரலும் இறுக்கிப் பிடித்த சின்னக் கசங்கல்கள், நட்சத்திரம் மாதிரி. இந்தத் தடவை எனக்கே வாசிக்கத் தெரிந்தது.

"காய்ச்சலாடி?" என்று கேட்டேன், சும்மா.

"இல்லக்கா" என்றாள். "இது காய்ச்சல் இல்ல. ஏக்கம்."

இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ண மேலே போனாள். பத்து நிமிஷம் கழித்து இறங்கி வந்தபோது கோட்டைப் போட்டிருந்தாள். அப்படியே, கசங்கினபடியே. "மனசு வரலக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாயங்கால வேலையும் போய்விடப்போகிறதே என்று அன்றைக்கு ஒரு சட்டையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

மற்றதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். கஞ்சி வாசலிலேயே நிறுத்தினார். "என்ன இது? இஸ்திரி போடுறவ கோட்டா இது?" என்றார். அவளும் நேராக நின்று, "வீட்ல கசங்கிடுச்சு சார். தேய்க்க மனசு வரல" என்றாள். சுற்றி எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். திட்டப்போகிறார் என்று நினைத்தார்கள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். மூட்டை பிரிக்கிறவர்கள் பார்க்கிற மாதிரி, மேலேயிருந்து கீழே, மெதுவாகப் பார்த்தார். நெஞ்சுப் பக்கம் இருந்த குழியைப் பார்த்தார். காலருக்குக் கீழே, ஓரத்தில், அந்த இரண்டு இடத்திலும் வெகு நேரம் பார்த்தார். அவரும் அந்த மேசையில் முப்பது வருஷத்துக்கு முந்தி நின்றவர்தானே.

"எத்தனை வயசு?" என்று கேட்டார்.

"ஏழு சார்."

கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை அடுத்த வாரத்து வேலைப் பட்டியலை ஒட்டினார்கள். மாடிக்காரியின் பெயர் காலைப் பக்கத்தில் இருந்தது.

என் போன் பேச்சுக்குப் பயந்துதான் மாற்றினார் என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொள்வதுண்டு. மாடிக்காரி சிரிப்பாள், ஒப்புக்கொள்ளமாட்டாள்.

இப்போது அந்த வீட்டில் ஒரு புதுச் சட்டம்: காலையில் எழுந்ததும் பொத்தான் விரிப்பைத் தொடக் கூடாது. அம்மா வந்து பார்த்த பிறகுதான் மடிக்க வேண்டும். அப்பாக்காரன் ஒரு தடவை வந்தபோது மகளுக்கு உதவி செய்கிறேன் என்று மடித்து வைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். என் கைக்கு வேலை இல்லை. ஓரம் மடிக்கிறேன், பொத்தான் தைக்கிறேன், அதோடு சரி.

போன வாரம் ஒரு காலையில் பொத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துப் படி இறங்கி வந்தாள். அன்றைக்கு வகுப்பில் கணக்குப் பரீட்சை என்று எனக்கு முந்தின நாளே தெரியும்.

"பெரியம்மா, வயிறு ரொம்ப வலிக்குது. நீங்க கைய வச்சுப் பாருங்களேன்."

"நான் எதுக்கு? அம்மா என்ன சொன்னா?"

பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"அம்மா விரிப்பப் பாத்துட்டாங்க. ஒரே பக்கமா குழி பண்ணிட்டுக் கும்பகர்ணன் மாதிரி தூங்கியிருக்கேனாம்."

மேலேயிருந்து புத்தகப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக மாடிக்காரி இறங்கி வந்தாள். மொடமொடவென்று தேய்த்த கோட்டு. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மூன்றரை மணிக்கு என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டே தெருவில் நடந்து போனார்கள். அந்த ஒரு காலை இழுப்பது மட்டும் தெருமுனை வரைக்கும் இருந்தது.